உருமாறும் எந்திரங்களும் உருமாறாத விதிகளும்

'டிரான்ஸ்ஃபார்மர்' என்றதும் தெருமுனையில் நின்று மெல்ல முரலும் மின்மாற்றிதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் உலகெங்கும் உள்ள சிறுவர் சிறுமியருக்கு அச்சொல் வேறொன்றையும் குறிக்கிறது. ஒரு நொடி லாரி. மறு நொடி கைகால் முளைத்த எந்திர மனிதன்! 1984-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கடைக்கு வந்த இந்தப் பொம்மைகள், படக்கதை, தொலைக்காட்சித் தொடர், திரைப்படம் எனக் கிளைவிட்டு இன்றுவரை நீடிக்கின்றன.

கதையின் சாரம் எளிது. சைபர்ட்ரான் என்னும் எந்திரக் கோளில் இரு கூட்டத்தார் போரிடுகிறார்கள். நல்லவர்கள் ஆட்டோபாட்டுகள், அவர்களின் தலைவன் ஆப்டிமஸ் பிரைம். தீயவர்கள் டிசெப்டிகான்கள், அவர்களின் தலைவன் மெகாட்ரான். அவர்கள் வந்த விண்கலம் பூமியில் ஓர் எரிமலையில் மோதி, 40 லட்சம் ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, 1984-இல் விழித்தெழுகிறது. பிறகு லாரியாகவும் விமானமாகவும் வேடமிட்டு நம்மிடையே திரிகிறார்கள்.

இதைப் பார்க்கும் கூர்மையான பிள்ளை ஒரு கேள்வி கேட்கும்: "கட்டடம் உயரம் இருக்கும் மெகாட்ரான் கையடக்கத் துப்பாக்கியாக எப்படி மாற முடியும்? மீதி உடம்பு எங்கே போயிற்று?" அதற்குப் பெரியவர்கள் வழக்கமாகத் தரும் விடை: "கதைதானே! பேசாமல் பார்."

இந்த விடை தவறு என்பது என் கருத்து. கேள்வி கேட்ட பிள்ளை கதையைக் கெடுக்கவில்லை. அறிவியலின் முதற்படியில் கால் வைத்திருக்கிறது. முதற்படியோடு நின்றுவிடாமல் மேலே செல்வது எப்படி என்பதைத்தான் இக்கட்டுரையில் பேச விரும்புகிறேன்.

பொம்மை முன்னே, கதை பின்னே

முரண்பாட்டைக் கண்டால் முதலில் அதன் காரணத்தைத் தேட வேண்டும். இந்தக் கதையில் காரணம் கதைக்கு வெளியே, பொம்மைப் பெட்டிக்குள் இருக்கிறது.

இப்பொம்மைகள் அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்டவை அல்ல. ஜப்பானின் டகாரா நிறுவனம் இரு வேறு வரிசைகளில் விற்றவை அவை. ஒன்று, 1980-இல் தொடங்கிய 'டயகுளோன்'. இதில் கார்களும் லாரிகளும் எந்திர மனிதர்களாக மாறும். உள்ளே விரற்கட்டை அளவுள்ள ஓட்டுநர் பொம்மை உட்காரும். அந்த ஓட்டுநரை உண்மை மனிதனாகக் கொண்டால், பொம்மையின் அளவுத்திட்டம் சுமார் அறுபதில் ஒரு பங்கு.

மற்றொன்று 'மைக்ரோமேன்' வரிசையைச் சேர்ந்த 'மைக்ரோ சேஞ்ச்'. அதன் நாயகர்கள் 10 சென்டிமீட்டர் உயரமே உள்ள குட்டி மனிதர்கள். நம் வீட்டுப் பொருள்களிடையே அவர்கள் வாழ்வதாகக் கற்பனை. ஆகவே அவர்களின் எந்திரங்கள் நம் வீட்டுப் பொருள்களாகவே, அதே அளவில் மாறும்: கைத்துப்பாக்கி, ஒலிநாடாப் பெட்டி, காசெட், பொம்மைக் கார். இங்கே அளவுத்திட்டம் ஒன்றுக்கு ஒன்று.

அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனம் இரு வரிசைகளையும் வாங்கி ஒரே பெயரில், ஒரே பெட்டி வடிவில் 1984-இல் விற்றது. மார்வல் படக்கதை நிறுவனத்தைக் கொண்டு கதையும் பெயர்களும் எழுதுவித்தது. டயகுளோன் லாரி ஆப்டிமஸ் பிரைம் ஆயிற்று. மைக்ரோ சேஞ்ச் வரிசையின் வால்தர் பி-38 துப்பாக்கி மெகாட்ரான் ஆயிற்று. ஒலிநாடாப் பெட்டி சவுண்ட்வேவ் ஆயிற்று. பம்பிள்பீயின் நிலைதான் வேடிக்கை. ஜப்பானில் அது பொம்மைக் காராக மாறும் பொம்மை. அமெரிக்காவுக்கு வந்ததும் உண்மையான காராகப் பதவி உயர்வு பெற்றுவிட்டது!

ஆக, கதையாசிரியர்கள் பேனாவை எடுக்கும் முன்பே முரண்பாடு பிறந்துவிட்டது. இரு வேறு அளவுகோல்களால் அளந்த பொருள்களை ஒரே படத்தில் வரைந்தால் என்ன ஆகும்? ஆய்வுக்கூடத்தில் ஒரு நண்பன் அங்குலத்திலும் மற்றவன் சென்டிமீட்டரிலும் அளந்து, அலகு எழுதாமல் ஒரே அட்டவணையில் குறித்தால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆயிற்று.

அறுபது மடங்கு என்றால் எவ்வளவு?

இனி மெகாட்ரானுக்கு ஒரு கணக்குப் போடுவோம். காகிதமும் பென்சிலும் போதும்.

பொம்மையின் எடை 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கார்களோடு சரிசமமாக நின்று போரிட வேண்டுமானால் அதை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 60 மடங்கு பெரிதாக்க வேண்டும். அப்போது கன அளவு 60 × 60 × 60 = 2,16,000 மடங்காகும். பொருள் மாறாதிருந்தால் நிறையும் அதே மடங்கு பெருகும். 300 கிராம் என்பது 6,48,00,000 கிராம், அதாவது ஏறத்தாழ 65 டன் ஆகிவிடும்!

இந்த 65 டன் எந்திர மனிதன் துப்பாக்கியாகச் சுருங்கும்போது நிறை எங்கே போகிறது? மூன்று விடைகளைச் சோதிப்போம்.

முதல் விடை: நிறை அப்படியே இருக்கிறது, நெருங்கி அமுங்கிவிட்டது. அப்படியானால் அடர்த்தி 2,16,000 மடங்கு உயர வேண்டும். தொடக்கத்தில் அவன் அடர்த்தி தண்ணீர் அளவே என்று கொண்டாலும், ஒரு கன சென்டிமீட்டர் துப்பாக்கி 216 கிலோ எடையிருக்கும். சூரியனின் மையப் பகுதியில்கூட ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிராம்தான். அதைப்போல் ஆயிரத்து நானூறு மடங்குக்கும் மேற்பட்ட அடர்த்தி கொண்ட துப்பாக்கியை எந்தக் கை தூக்கும்? எந்த மேசை தாங்கும்?

இரண்டாம் விடை: நிறை ஆற்றலாக மாறிவிட்டது. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் 65 டன்னை இட்டுப் பாருங்கள். ஹிரோஷிமாவில் 1945-இல் வெடித்த அணுகுண்டைப் போல் சுமார் ஒன்பது கோடி குண்டுகளின் ஆற்றல் வெளிப்படும். மெகாட்ரான் ஒரே ஒருமுறை உருமாறினால் போதும். கதை முடிந்துவிடும், கேட்பதற்கும் ஆள் இருக்க மாட்டார்கள்.

மூன்றாம் விடை, ரசிகர்களிடையே புகழ்பெற்றது: வேண்டாத நிறை வேறொரு பரிமாணத்துக்குப் போய்க் காத்திருக்கிறது, மீண்டும் மனிதனாகும்போது திரும்பி வருகிறது.

இந்த மூன்றாவது விடையைக் கேட்டதும் "அப்படியானால் சரி" என்று மனம் அமைதியடைகிறது. இங்கேதான் நாம் விழிப்போடு இருக்க வேண்டும்.

இருவகை ஒட்டுகள்

கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடுவது கதைக்காரர் மட்டும் செய்யும் வேலை அன்று. அறிவியலாரும் செய்திருக்கிறார்கள். ஒரே மனிதர் போட்ட இரண்டு ஒட்டுகளைப் பார்ப்போம்.

1781-இல் கண்டறியப்பட்ட யுரேனஸ் கோள், நியூட்டனின் விதிப்படி கணக்கிட்ட பாதையிலிருந்து சற்று விலகிச் சென்றது. பிரெஞ்சு வானியலார் லெவெரியே, "கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் அதை இழுக்கிறது" என்றார். இதுவும் ஓர் ஒட்டுதான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. அந்தக் கோள் வானில் எந்த இடத்தில் இருக்கும் என்றும் கணக்கிட்டுச் சொன்னார். 1846 செப்டம்பர் 23 அன்று இரவு பெர்லினில் காலே என்பவர் தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் இருந்தது!

பின்னர்ப் புதன் கோளின் பாதையிலும் ஒரு விலகல் தெரிந்தது. இன்றைய கணக்குப்படி அது நூற்றாண்டுக்கு 43 விகலை. (ஒரு பாகையில் 3,600 விகலைகள்.) 1859-இல் லெவெரியே அதே மருந்தையே எடுத்தார். சூரியனுக்கும் புதனுக்கும் இடையில் அறியப்படாத பொருள் ஏதோ சுற்றுகிறது என்றார். அந்தக் கற்பனைக் கோளுக்கு 'வல்கன்' என்று பெயரும் வைத்தாயிற்று. பல்லாண்டுகள் தேடினார்கள்; கிடைக்கவில்லை. இறுதியில் 1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியையே மாற்றி எழுதியபோதுதான் 43 விகலைக்கு விடை கிடைத்தது.

நெப்டியூன் வென்றது, வல்கன் தோற்றது. எனினும் இரண்டுமே நேர்மையான ஒட்டுகள் என்பேன். ஏனெனில் இரண்டும் "இங்கே வந்து பார், இல்லையென்றால் நான் சொன்னது தவறு" என்று கழுத்தை நீட்டின.

'வேறு பரிமாணம்' கழுத்தை நீட்டுகிறதா? நீட்டச் சொல்லிப் பார்ப்போம். நிறையை ஒளித்து வைக்க மெகாட்ரானால் முடியுமானால், அதே இனத்தைச் சேர்ந்த ஆப்டிமஸ் பிரைம் ஏன் எதிரிக்கு அஞ்சிப் பதுங்கும்போது தீப்பெட்டியாகச் சுருங்குவதில்லை? அவன் எந்திர மனிதனாக மாறும்போது பின்னால் இழுத்துவந்த வண்டி தானே உருண்டுபோய் மறைந்துவிடுகிறதே, அது எங்கே போகிறது? மறைந்த பொருளைத் திருட முடியுமா? விடை இல்லை. தேவைப்படும்போது பரிமாணம் திறக்கிறது, தேவையற்றபோது மூடிக்கொள்கிறது. எதையும் விளக்கவல்ல அந்த விடை உண்மையில் எதையும் விளக்குவதில்லை. வெளியுலகிலும் இப்படிப்பட்ட விடைகள் உங்களுக்குக் கிடைக்கும். மருந்து விற்பவரிடமும் கிடைக்கும், சோதிடம் சொல்பவரிடமும் கிடைக்கும். அவற்றை அடையாளம் காணப் பொம்மைக் கதையில் பழகிக்கொள்வது நல்ல பயிற்சி.

ஒருவருக்கு மூன்று பிறப்பு

அளவில் மட்டுமா முரண்பாடு? வரலாற்றிலும் உண்டு. கான்ஸ்டிரக்டிகான்கள் என்போர் மண்வாரியாகவும் பாரந்தூக்கியாகவும் மாறும் ஆறு பேர். தொலைக்காட்சித் தொடரின் முதற்பருவத்தில், 1984-இல், மெகாட்ரான் அவர்களைப் பூமியில் ஒரு குகையில் உருவாக்கியதாகச் சொல்கிறான். 1985-இல் வந்த கதையிலோ அவர்கள் முன்பே சைபர்ட்ரானில் ஒமேகா சுப்ரீம் என்பவனின் நண்பர்களாக வாழ்ந்து, பின்னர் மனம் மாற்றப்பட்டவர்கள். 1986-இல் அவர்களே மெகாட்ரானை உருவாக்கியதாகக் காட்டப்படுகிறது! தந்தை மகனைப் பெற, மகன் தந்தையைப் பெற்ற கதையாக ஆயிற்று.

மொத்த இனத்தின் பிறப்பே இருவிதம். தொலைக்காட்சியில் குவின்டெசன்கள் என்னும் அயலார் தங்கள் தொழிற்சாலையில் செய்த பண்டங்கள் அவர்கள். படக்கதையிலோ பிரைமஸ் என்னும் கடவுளின் படைப்பு.

1987-இல் இன்னும் விந்தை. அவ்வாண்டு தலையைக் கழற்றினால் அத்தலையே சிறு மனிதனாகும் பொம்மைகள் வந்தன. அமெரிக்கத் தொடரில் அந்தத் தலைகள் நெபுலாஸ் கோளின் உயிருள்ள மனிதர்கள். ஜப்பானியத் தொடரில் அவர்கள் சிறிய எந்திர மனிதர்கள். பெரிய உடலைத் தாங்களே செய்துகொண்டவர்கள். பொம்மை ஒன்றே; கதை இரண்டு. கையிலுள்ள சான்று ஒன்றாக இருந்தாலும் அதற்குப் பொருந்தும் விளக்கம் ஒன்றுக்கு மேல் இருக்கலாம் என்ற பாடத்தை இதைவிட எளிதாக யார் சொல்ல முடியும்?

இவற்றையெல்லாம் குற்றமாகக் கொள்ளலாமா? இங்கே நான் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன். இரு நாட்டார் இருவிதமாகச் சொன்னால் அது குற்றமன்று. பழைய காவியங்களும் ஊருக்கு ஊர் மாறித்தான் வழங்குகின்றன. பின்னாளில் நிறுவனத்தாரே, ஒவ்வொரு கதையும் தனித்தனிப் பிரபஞ்சத்தில் நடப்பதாகக் கூறிவிட்டார்கள். அலமாரியில் நூல்களைப் பிரித்து அடுக்குவது போல அது ஓர் ஒழுங்கு, நல்லதே. ஆனால் ஒரே தொடருக்குள், ஒரே ஆசிரியர் குழு, நேற்றுச் சொன்னதை இன்று மறந்தால் அதைப் 'பல பிரபஞ்சம்' என்று மூடக்கூடாது. அதற்குப் பெயர் கவனக்குறைவு.

இறந்தவர் திரும்பி வந்தார்

கவனக்குறைவைக்கூட மன்னிக்கலாம். அடுத்துச் சொல்லப்போவதை மன்னிப்பது கடினம்.

1984 முதல் இரண்டாண்டுக் காலம் தொலைக்காட்சியில் எந்திர மனிதர்கள் ஒருவரையொருவர் ஓயாமல் சுட்டுக்கொண்டார்கள். அடிபட்டவர்கள் பெரும்பாலும் பழுதுபார்க்கப்பட்டு அடுத்த வாரம் எழுந்து வந்தார்கள். இதுவே அக்கதையுலகின் விதி என்று குழந்தைகள் கற்றிருந்தார்கள். 1986 ஆகஸ்டில் வந்த திரைப்படத்தில் அதே வகைத் துப்பாக்கிக்கு முதற்சில நிமிடங்களிலேயே பலர் மாண்டார்கள். சிறிது நேரத்தில் ஆப்டிமஸ் பிரைமும் எல்லோர் கண்ணெதிரே இறந்தான். திரையரங்குகளில் குழந்தைகள் அழுதார்கள்.

விதி ஏன் மாறிற்று? 1984-ஆம் ஆண்டுப் பொம்மைகளின் விற்பனைக் காலம் முடிந்து, புதிய பொம்மைகளுக்கு இடம் வேண்டியிருந்தது. தொடரில் பணியாற்றியவர்களே பின்னாளில் இதை வெளிப்படையாகக் கூறியிருக்கிறார்கள். கடைத்தட்டைக் காலி செய்வதற்காகக் கதையில் உயிர்களைக் காலி செய்தார்கள். குழந்தைகளின் துயரத்தைக் கண்ட பிறகு, அதே நிறுவனத்தின் 'ஜி.ஐ. ஜோ' திரைப்படத்தில் சாகவிருந்த டியூக் என்னும் வீரன் சாகாமல் மயக்கத்தில் கிடப்பதாக மாற்றினார்கள். 1987-இல் ஆப்டிமஸ் பிரைமையும் உயிர்ப்பித்தார்கள். எழுந்து வருவது வழக்கம் என்பது முதல் விதி. இறந்தால் இறந்ததுதான் என்பது இரண்டாம் விதி. வேண்டுமானால் வரலாம் என்பது மூன்றாம் விதி.

தலைவன் திரும்பி வந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அக்குழந்தைகள் அழுதது எதற்காக? கதை தன் விதியை மதிக்கும் என்று நம்பியதற்காக. பொம்மைக்காக எழுதப்பட்ட கதையாக இருந்தாலும், கேட்பவர் அதை உண்மையான மனத்தோடு கேட்கிறார். அந்த நம்பிக்கையைக் கடைக்கணக்குக்காக இப்படியும் அப்படியும் வளைப்பது முறையன்று. "சிறுவர்கள்தானே, கவனிக்க மாட்டார்கள்" என்ற எண்ணமே இதன் வேர். அவர்கள் கவனித்தார்கள்.

விதிக்குக் கட்டுப்பட்டபோது

விதியை மதித்தால் கற்பனை வறண்டுவிடும் என்று சிலர் அஞ்சலாம். அப்படி ஆகவில்லை என்பதற்குச் சான்றும் இக்கதையிலேயே உண்டு.

2007-இல் மைக்கேல் பே இயக்கிய திரைப்படத்தில், எந்திர மனிதர்கள் உருமாறும்போது நிறை கூடவோ குறையவோ கூடாது என்று தீர்மானித்தார்கள். உடனே பல மாற்றங்கள் தாமே வந்தன. ஆப்டிமஸ் பிரைம் பெரிய உருவமாக நிற்க வேண்டுமானால் லாரியும் பெரிதாக இருக்க வேண்டும். எனவே பழைய தட்டை முகப்பு லாரியை விட்டு, நீண்ட மூக்குள்ள பீட்டர்பில்ட் லாரியைத் தேர்ந்தார்கள். மெகாட்ரான் துப்பாக்கியாவதை விட்டு வேற்றுலக விமானமானான். 2009-இல் வந்த அடுத்த படத்தில் சவுண்ட்வேவ் செயற்கைக்கோளானான். ஒலிநாடாப் பெட்டியாக ஒளிந்து வேவு பார்த்தவன் விண்ணிலிருந்து வேவு பார்க்கலானான். எவ்வளவு பொருத்தமான மாற்றம்! தளை என்று எண்ணிய விதியே புதுக் கருத்தைத் தந்தது.

ஆனால் அதே 2007 படத்தில், மாளிகை உயரமுள்ள மந்திரக் கனசதுரம் ஒன்று கைப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. கதாநாயகன் அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமே! அடுத்த படங்களில் காலக்கணக்கும் குழம்பியது. 2017-இல் வந்த படத்தில் பம்பிள்பீ இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டதாகக் காட்டினார்கள். 2018-இல் வந்த படத்தில் அவன் பூமிக்கு வருவதே 1987-இல்தான். பிறகு, 2018 படம் ஒரு புதிய தொடக்கம் என்று கூறப்பட்டது.

மாணவ நண்பர்களுக்கு

கதையில் முரண்பாடு கண்டால் வெட்கப்படாதீர்கள். கண்டுவிட்டோம் என்று செருக்கும் கொள்ளாதீர்கள். ஒரு குறிப்பேட்டில் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். இது எங்கிருந்து பிறந்தது? கணக்குப் போட்டால் எவ்வளவு பெரிய முரண்பாடு? இதற்குச் சொல்லப்படும் சமாதானம் வேறெங்காவது சோதிக்கத்தக்க ஒன்றைச் சொல்கிறதா?

இதே மூன்று கேள்விகளை உங்கள் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டிலும், செய்தித்தாளிலும், ஏன், இந்தக் கட்டுரையிலும் கேட்கலாம். நான் மெகாட்ரான் பொம்மையின் எடையை 300 கிராம் என்று கொண்டேன். 200 கிராம் என்று கொண்டால் விடை எவ்வளவு மாறும்? எது மாறாது? போட்டுப் பாருங்கள்.

உங்கள் தம்பியோ தங்கையோ "மீதி உடம்பு எங்கே போயிற்று?" என்று கேட்டால், "கதைதானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அருகில் உட்கார்த்தி, அறுபதை மூன்று முறை பெருக்கிக் காட்டுங்கள்.